வால்வு ஆம்ப்புக்கு ஏற்ற ஸ்பீக்கர்: அளந்து, கணக்குப் போட்டு, கேட்டுச் சேர்ப்பது எப்படி?

என்னிடம் வந்த முதல் வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) 8 வாட். ஸ்பீக்கர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. இடுப்பு உயரத்துக்கு ஒல்லியாக நிற்கும் ஜோடி, ஒவ்வொன்றிலும் இரண்டு வூஃபர் (பேஸ் ஒலிக்கும் பெரிய கூம்பு), பின்புறத் தகட்டில் 4 ஓம் என்ற எழுத்து. இரண்டையும் இணைத்து ஒரு வாரம் கேட்டேன். தனிக் குரல் பாடும்போது நெஞ்சை அள்ளியது. டிரம்ஸ் வந்தாலோ தலையணையில் குத்துகிற மாதிரி இருந்தது. வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பினால் எல்லா வாத்தியமும் குழைந்து ஒன்றாகிவிடும். "வால்வு என்றாலே இப்படித்தான் போல" என்று நினைத்து, விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்புறம் ஒருநாள், நண்பர் ஒருவரின் அலமாரி அளவுள்ள பழைய ஸ்பீக்கர்களில் அதே ஆம்ப்பை மாட்டினோம். வால்யூம் கால்வாசிகூடத் திரும்பவில்லை, அறை நிறைந்துவிட்டது. டிரம்ஸ் டிரம்ஸாகவே கேட்டது. ஆம்ப்பில் குற்றமில்லை, என் ஸ்பீக்கரிலும் இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்தவன் மேல்தான் குற்றம்.

டிரான்சிஸ்டர் ஆம்ப் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை குறைவு. எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் அது கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடந்துகொள்ளும். வால்வு அப்படியில்லை. அது அதிக மின்னழுத்தத்தில், குறைந்த மின்னோட்டத்தில் வேலை செய்யும் பொருள். ஸ்பீக்கருக்கு வேண்டியது நேர் எதிர்: குறைந்த அழுத்தம், அதிக ஓட்டம். நடுவில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்து ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருகிறது. ஸ்பீக்கர் மாறினால் வால்வு சுமக்கும் பாரமும் மாறும், ஆம்ப்பின் குணமே மாறும். அதனால் என் கட்சி இதுதான்: முதலில் ஸ்பீக்கர், அதற்குப் பிறகே ஆம்ப். ஆம்ப் ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றாலும் பரவாயில்லை, கீழே உள்ள படிகளை அதற்கேற்றபடி திருப்பிப் படித்துக்கொள்ளலாம்.

இந்தச் சிக்கல் எப்படி வந்தது என்று தெரிந்தால் மீதி எளிதாகப் புரியும். வால்வு மட்டுமே இருந்த காலத்தில் வாட் என்பது அரிய பொருள். அதனால் ஸ்பீக்கர்களைப் பெரிதாக, கொடுத்த வாட்டை வீணாக்காத மாதிரி செய்தார்கள். 1940களில் பால் கிளிப்ஷ் வடிவமைத்த, அறை மூலையில் வைக்கும் ஹார்ன் ஸ்பீக்கர் (கொம்பு போல விரியும் வாய் உள்ளது) 1 வாட்டுக்கே 100 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும். 1954-இல் எட்கர் வில்சரின் ஏஆர்-1 ஸ்பீக்கர் வந்தது. காற்று புகாத சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ், ஆனால் அதற்கு விலையாகக் கூடுதல் வாட். 1960களில் டிரான்சிஸ்டர் வந்து வாட்டை மலிவாக்கியதும் எல்லோரும் அந்த வழியில் போனார்கள். ஸ்பீக்கர்கள் சிறுத்தன, ஓம் எண்ணும் 16-லிருந்து 8-க்கும் 4-க்கும் இறங்கியது. இன்றைய ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை டிரான்சிஸ்டரை மனதில் வைத்துப் பிறந்தவை. நாம் அவற்றோடு வால்வைச் சேர்க்கப் பார்க்கிறோம்.

படி 1: நீங்கள் உண்மையில் செலவழிப்பது எத்தனை வாட்?

வாட் விஷயத்தில் எல்லோரும் ஊகிக்கிறோம், அளப்பவர் குறைவு. அளப்பது பத்து நிமிட வேலைதான். ஏசி வோல்டேஜ் காட்டும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று, 120 ஹெர்ட்ஸ் சைன் அலைப் பதிவு (ஒரே சுருதியில் தொடர்ந்து ஒலிப்பது) ஒன்று போதும். அந்தப் பதிவு டிஜிட்டல் முழு அளவுக்கு 20 டெசிபல் கீழே இருக்க வேண்டும். இலவச ஒலி மென்பொருள்களில் ஒரு நிமிடத்தில் உருவாக்கிவிடலாம். ஏன் 120 ஹெர்ட்ஸ்? மலிவான மல்டிமீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கு அருகில்தான் சரியாகக் காட்டும்.

இப்போது வீட்டில் இருக்கும் ஆம்ப்பிலும் ஸ்பீக்கரிலுமே நீங்கள் சத்தமாகக் கேட்கும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். "இதற்கு மேல் வேண்டாம்" என்று தோன்றும் இடத்துக்கு வால்யூமைக் கொண்டுவாருங்கள். குமிழைத் தொடாமல் பாட்டை நிறுத்தி, அதே கருவியிலிருந்து சைன் அலையை ஓட்டி, ஸ்பீக்கர் முனைகளில் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டுச் செயலி ஒலி அளவைத் தானாகச் சமன் செய்கிறது என்றால் அந்த வசதியை முன்பே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு பொய்யாகும்.

வந்த எண்ணை 10-ஆல் பெருக்கினால், அந்த வால்யூமில் பதிவின் உச்ச அளவு கேட்கும் வோல்ட் கிடைக்கும். அதன் வர்க்கத்தை ஸ்பீக்கரின் ஓமால் வகுத்தால் வாட். மீட்டரில் 0.84 வோல்ட் வந்தது என்று வைத்துக்கொள்வோம். உச்சம் 8.4 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் அது சுமார் 9 வாட், 4 ஓமில் சுமார் 18 வாட். தாளம் விழும் அந்த நொடிக்கு மட்டுமே இவ்வளவு. சராசரி இதில் சிறு துளிதான். முதல் முறை அளப்பவர்கள் பலருக்கு இந்த எண் வியப்பாக இருக்கும், 100 வாட் ஆம்ப்பை வைத்துக்கொண்டு 5 வாட்டில் குடித்தனம் நடத்தியிருப்பார்கள். கிடைத்த எண்ணை இரண்டால் பெருக்கி அதைத் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் இடம் விட்டு வைப்பது நல்லது.

ஸ்பீக்கரையும் மாற்றப் போகிறீர்கள் என்றால் இந்த எண் அதற்கேற்ப நகரும். புதிய ஸ்பீக்கர் 5 டெசிபல் கூடுதல் சென்சிட்டிவிட்டி (கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்ற அளவு) உள்ளது என்றால் தேவை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 10 டெசிபல் கூடினால் பத்தில் ஒரு பங்கு.

படி 2: சென்சிட்டிவிட்டி எண்ணை ஏமாறாமல் படிப்பது

ஸ்பீக்கர் விவரத்தாளில் "88 டெசிபல்" என்று இருந்தால், குறிப்பிட்ட அளவு மின்சாரம் கொடுக்கும்போது 1 மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் என்று பொருள். அந்தக் குறிப்பிட்ட அளவு எது என்பதில்தான் சூட்சுமம். சிலர் 1 வாட் என்று போடுவார்கள், பலர் 2.83 வோல்ட் என்று போடுவார்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் 1 வாட், இரண்டும் ஒன்றுதான். 4 ஓமில் அதே 2.83 வோல்ட் 2 வாட் ஆகிவிடும். எனவே 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கணக்கில் 90 டெசிபல் என்று எழுதியிருந்தால், வாட் கணக்கில் அது 87 தான். வோல்டேஜைத் தாராளமாகக் கொடுக்கும் டிரான்சிஸ்டருக்கு இது பெரிதில்லை. வாட்டை எண்ணிச் செலவழிக்கும் வால்வுக்கு அந்த 3 டெசிபல் என்பது ஆம்ப்பில் பாதி.

தயாரிப்பாளர் சொல்லும் எண் பல சமயம் இரண்டு மூன்று டெசிபல் தூக்கலாகவே இருக்கும். சுதந்திரமாக அளந்தவர்களின் எண் கிடைத்தால் அதை நம்புங்கள்.

இனி கணக்கு. 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டவெளியில் அந்தத் தூரத்துக்கு 9.5 டெசிபல் குறையும், அறைக்குள் சுவர்கள் திருப்பித் தருவதால் 6 என்று கொள்ளலாம். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து ஒலிப்பதால் 3 கூடும். மொத்தத்தில் 3 டெசிபல் இழப்பு. சராசரி 80 டெசிபலில் கேட்டால், நல்ல பதிவின் உச்சங்கள் இன்னும் 18 டெசிபல் மேலே போகலாம், அதாவது 98.

95 டெசிபல் ஸ்பீக்கருக்கு அந்த உச்சத்தை எட்ட 4 வாட் போதும். 88 டெசிபலுக்கு 20 வாட். 83 டெசிபலுக்கு 63 வாட். ஒரே அறை, ஒரே பாட்டு, ஒரே சத்தம்! என் பழைய ஒல்லி ஸ்பீக்கர்கள் வாட் கணக்கில் 84 சொச்சம்தான். அவற்றுக்கு 8 வாட் கொடுத்தது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

விவரத்தாளில் "பரிந்துரைக்கும் ஆம்ப்: 30 முதல் 150 வாட் வரை" என்று இன்னொரு வரி இருக்கும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மேல் எண் காயில் கருகாமல் தாங்கும் அளவைக் காட்டுகிறது, கீழ் எண் பெரும்பாலும் ஒரு மதிப்பீடு.

படி 3: இம்பீடன்ஸ் வளைவு, எல்லாவற்றையும் விட முக்கியமானது

வாட் கணக்கு சரியாக வந்தும் ஜோடி சேராமல் போவது இங்கேதான். ஒலியின் மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடைதான் இம்பீடன்ஸ், ஓமில் அளப்பது. 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் இல்லை. பேஸில் ஓரிடத்தில் 20, 30 ஓம் வரை எகிறும், 200 ஹெர்ட்ஸ் வாக்கில் 5, 6-க்கு இறங்கும், கிராஸ்ஓவர் (ஒலியைப் பிரித்து வூஃபருக்கும் சின்ன டிரைவருக்கும் அனுப்பும் சுற்று) இருக்கும் 1, 2 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் மறுபடி ஏறும், மேலே போகப் போக இன்னொரு கதை. தகட்டில் உள்ள எண் வெறும் பெயர் மாதிரி. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரக்குறிப்புப்படி, மிகக் குறைந்த இம்பீடன்ஸ் அந்தப் பெயரளவு எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. 8 ஓம் என்றால் 6.4, 4 ஓம் என்றால் 3.2. இதை மதிக்காத ஸ்பீக்கர்கள் ஏராளம்.

இது வால்வுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? ஆம்ப்புக்கு உள்ளேயே ஒரு தடை இருக்கிறது. அவுட்புட் இம்பீடன்ஸ் என்பார்கள். ஆம்ப் உருவாக்கும் வோல்டேஜை இந்த உள்தடையும் ஸ்பீக்கரும் பங்கு போட்டுக்கொள்கின்றன. டிரான்சிஸ்டரில் உள்தடை 0.1 ஓமுக்கும் கீழே, பங்கு போட ஒன்றுமில்லை. ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளே திருப்பித் தந்து பிழையைத் திருத்துவது) இல்லாத, ஒற்றை ட்ரையோட் (மூன்று மின்முனை வால்வு) உள்ள ஆம்ப்பில் அது 2 ஓம், சிலவற்றில் 3 ஓம்.

2 ஓம் உள்ள ஆம்ப்பில், 4 முதல் 20 ஓம் வரை ஏறி இறங்கும் ஸ்பீக்கரை மாட்டுங்கள். 4 ஓம் உள்ள இடத்தில் மூன்றில் ஒரு பங்கு வோல்டேஜ் ஆம்ப்புக்குள்ளேயே போய்விடும், 3.5 டெசிபல் இழப்பு. 20 ஓம் உள்ள இடத்தில் இழப்பு 0.8 தான். வித்தியாசம் 2.7 டெசிபல். யாரோ டோன் கண்ட்ரோலைத் திருகிவிட்டுப் போன மாதிரி, இம்பீடன்ஸ் வளைவின் வடிவம் அப்படியே ஒலியில் பதிந்துவிடும். கிராஸ்ஓவர் பகுதியில் மேடு உள்ள ஸ்பீக்கரில் பாடகரின் குரல் ஓரடி முன்னால் வந்து நிற்கும். "வால்வின் மாயம்" என்று நாம் உருகுவதில் ஒரு பங்கு இந்த மேடுதான் என்பது என் எண்ணம். அது பிடித்திருந்தால் தப்பே இல்லை. எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தால் போதும், அடுத்த ஸ்பீக்கரிலும் அதையே எதிர்பார்த்து ஏமாற மாட்டோம்.

வளைவைப் பார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள். அடிமட்டம் எது, எந்த அதிர்வெண்ணில்? 80 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் 4 ஓமுக்குக் கீழே போனால் ஆபத்து, ஏனென்றால் இசையின் சக்தியில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. 10 கிலோஹெர்ட்ஸில் 4 ஓம் என்றால் அவ்வளவு பயமில்லை. இரண்டாவது, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள விகிதம். மேடு பள்ளத்தைப் போல இரண்டு மடங்குதான் என்றால் சாது, ஐந்து மடங்கு என்றால் முரடு. மூன்றாவது, ஃபேஸ் கோணம், அதாவது வோல்டேஜும் மின்னோட்டமும் ஒன்றுக்கொன்று விலகும் அளவு. இம்பீடன்ஸ் குறைவாக இருக்கும் அதே இடத்தில் கோணம் கழித்தல் 45 டிகிரிக்கும் கீழே சரிந்தால், ஆம்ப்புக்கு அது எண்ணில் தெரிவதை விடக் கனமான சுமை.

அளந்து எழுதும் விமர்சனங்களில் இந்த வளைவு கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஒரு குறுக்கு வழி உண்டு. ஸ்பீக்கரை ஆம்ப்பிலிருந்து கழற்றி, முனைகளில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். உண்மையான 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 வரை காட்டும். 3.5 காட்டினால், தகட்டில் என்ன எழுதியிருந்தாலும், அது 4 ஓம்.

எண்களை மட்டும் பார்த்தால் தப்பாகும் என்பதற்குப் பிபிசியின் எல்எஸ் 3/5ஏ நல்ல உதாரணம். 1970களில் ஒலிபரப்பு வேலைக்காக வடிவமைத்த சின்னப் பெட்டி அது. சென்சிட்டிவிட்டி 83 டெசிபலை ஒட்டித்தான். கணக்குப்படி வால்வுக்கு ஆகவே ஆகாது. ஆனால் முதல் வடிவம் 15 ஓம், பள்ளத்தில் விழாத சாதுவான சுமை. சிறிய அறையில், 15 முதல் 25 வாட் வால்வு ஆம்ப்போடு அதைக் காலங்காலமாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர்கள் (மின்னேற்றிய மெல்லிய படலம் அதிர்ந்து ஒலிப்பவை) இதற்கு நேர் எதிர். மின்சாரக் கண்ணுக்கு அவை கெப்பாசிட்டர் மாதிரி, மேலே போகப் போக இம்பீடன்ஸ் சரிந்து சிலவற்றில் 1, 2 ஓமுக்கு வந்துவிடும். அவுட்புட் இம்பீடன்ஸ் கூடிய ஆம்ப்பில் ட்ரெபிள் மங்கிப்போகும்.

படி 4: ஆம்ப்பின் உள்தடையை நீங்களே அளக்கலாம்

விவரத்தாளில் டேம்பிங் ஃபேக்டர் என்று ஓர் எண் இருந்தால், 8-ஐ அதனால் வகுத்தால் அவுட்புட் இம்பீடன்ஸ். 4 என்றால் 2 ஓம், 16 என்றால் அரை ஓம். எண் இல்லாத ஆம்ப்புக்கு, 10 வாட் தாங்கும் 8 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் 16 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் வாங்குங்கள். ஆம்ப்பை அணைத்துவிட்டு 8 ஓம் முனையில் (8 ஓம் ஸ்பீக்கருக்கென்று ஆம்ப்பில் உள்ள இணைப்பு) 8 ஓம் ரெசிஸ்டரை மாட்டி, சைன் அலை ஓட்டி, 2 வோல்ட் வரும்படி வால்யூமை வையுங்கள். அலையை நிறுத்தி, ஆம்ப்பை அணைத்து, 16 ஓமை மாட்டி, வால்யூமைத் தொடாமல் மறுபடி அளந்து பாருங்கள்.

இரண்டாவது அளவு 2.22 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். வோல்டேஜ் வித்தியாசம் 0.22. முதல் முறை ஓடிய மின்னோட்டம் 2-ஐ 8-ஆல் வகுத்தால் 0.25 ஆம்பியர், இரண்டாவது முறை 0.139, வித்தியாசம் 0.111. 0.22-ஐ 0.111-ஆல் வகுத்தால் 2 ஓம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுச் சுமையே இல்லாமல் அளக்கும் முறை டிரான்சிஸ்டருக்கு எழுதியது. வால்வில் அதைச் செய்யாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

1 ஓமுக்குக் கீழே வந்தால் பெரும்பாலான ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போகும். 2-க்கு மேல் என்றால் படி 3-இல் சொன்ன சாதுவான வளைவு உள்ள ஸ்பீக்கர் கட்டாயம். புஷ்-புல் ஆம்ப்புகளில் (இரண்டு வால்வுகள் ஜோடியாக மாறி மாறி வேலை செய்பவை) பென்டோட் எனும் ஐந்து மின்முனை வால்வுகளைப் போட்டு ஃபீட்பேக்கால் இந்த எண்ணை இறக்கியிருப்பார்கள். 300பி போன்ற ட்ரையோடுகளுக்கு இயல்பிலேயே உள்தடை குறைவு, 700 ஓம்தான். 3,500 ஓமை 8 ஓமாக மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வழியே வந்தால் அது 1.6 ஓம் ஆகும், காயில் கம்பியின் தடையும் சேர்ந்து 2-ஐத் தொடும்.

படி 5: 4, 8, 16, எந்த முனையில் மாட்டுவது?

டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று விகிதத்தின் வர்க்கம்தான் இம்பீடன்ஸ் விகிதம். 25-க்கு 1 என்ற சுற்று 8 ஓமை 5,000 ஓமாக வால்வுக்குக் காட்டும். அதே முனையில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வு பார்ப்பது 2,500 தான். மின்னோட்டம் கூடும், டிஸ்டார்ஷன் ஏறும், கிடைக்கும் நல்ல வாட் குறையும். மாறாக, 8 ஓம் ஸ்பீக்கரை 4 ஓம் முனையில் மாட்டினால் வால்வு பார்க்கும் சுமை இரட்டிப்பாகும். உச்ச வாட் கொஞ்சம் குறையும், ஆனால் உள்தடை 8 ஓம் முனையில் இருந்ததில் பாதியாகிவிடும், பேஸ் இறுகும்.

அதனால் தகட்டு எண்ணைப் பார்த்து ஒரே முனையில் நின்றுவிடாதீர்கள். என் பழக்கம்: ஸ்பீக்கரின் பெயரளவுக்கு ஏற்ற முனை, அதற்கு ஒன்று கீழே உள்ள முனை, இரண்டிலும் ஒரு வாரம் ஒரு வாரம் கேட்பது. வாட் தாராளமாக இருந்தால் கீழ் முனையே பல முறை ஜெயிக்கும். பெயரளவுக்கு மேலே உள்ள முனைக்கு மட்டும் போவதில்லை.

படி 6: பேஸும் பெட்டியும்

அவுட்புட் இம்பீடன்ஸ் கூடினால் வூஃபரின் மீதான பிடி தளரும். காற்று புகாத பெட்டியில் 0.7 என்ற க்யூ மதிப்புக்கு (பேஸ் எவ்வளவு அடங்கி ஒலிக்கிறது என்ற அளவு, கூடினால் தளர்வு) வடிவமைத்த, 6 ஓம் டிசி தடை உள்ள வூஃபரை 2 ஓம் ஆம்ப்பில் மாட்டினால் அந்த க்யூ சுமார் 0.9 ஆகும். பேஸ் கொஞ்சம் உருண்டு திரளும், பலருக்கு அது பிடிக்கவே செய்யும். துளை உள்ள பெட்டியில் நிலைமை சிக்கலானது. அங்கே இம்பீடன்ஸுக்கு இரண்டு மேடுகள், இரண்டுமே தூக்கிக்கொள்ளும், ஏதோ ஒரு ஸ்வரம் மட்டும் பூதாகரமாகக் கேட்கும். முதல் வைத்தியம், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது. இரண்டாவது, துளையில் ஸ்பாஞ்சை லேசாகச் செருகிப் பார்ப்பது. காசு செலவில்லாத இந்த இரண்டையும் செய்யாமல் வால்வு மாற்றக் கிளம்பாதீர்கள்.

படி 7: வால்வுக்கு வால்வு என்ன எதிர்பார்க்கலாம்

45 என்ற பழைய ட்ரையோட் ஒற்றையாகச் சுமார் 2 வாட் தரும், 2ஏ3 மூன்றரை, 300பி எட்டு. முதல் இரண்டுக்கும் 97 டெசிபலுக்குக் கீழே உள்ள ஸ்பீக்கரை நான் யோசிக்கவே மாட்டேன். ஹார்ன், அல்லது கிராஸ்ஓவரே இல்லாத பெரிய ஒற்றை டிரைவர்தான். 300பி-க்கு 93-க்கு மேல், அடிமட்டம் 6 ஓமை விட்டு இறங்காதது. 845 சுமார் 20 வாட் தரும், ஆனால் உள்ளே 1,000 வோல்ட் ஓடும் சாதனம் அது.

புஷ்-புல்லுக்கு வந்தால் மூச்சு விடலாம். இஎல் 84 வால்வு ஒரு ஜோடி 10 முதல் 17 வாட் வரை தரும், 89 டெசிபல் ஸ்பீக்கர் போதும். 1959-இல் வந்த டைனக்கோ எஸ்டி-70 ஆம்ப், பக்கத்துக்கு ஒரு ஜோடி இஎல் 34 வைத்து 35 வாட் கொடுத்தது. 86, 87 டெசிபல் உள்ள சாதாரண ஸ்பீக்கர்களை இந்த வகை சமாளிக்கும். கேடி 88 ஜோடி 50 வாட்டையும் தாண்டும். முதல் முறை வால்வு பக்கம் வருபவருக்கு, கையில் உள்ள ஸ்பீக்கரை மாற்ற மனமில்லை என்றால், இஎல் 34 புஷ்-புல்லைத்தான் சொல்வேன். ஒற்றை ட்ரையோட் ஆசை எல்லோருக்கும் வரும், வந்தால் ஸ்பீக்கரையும் சேர்த்து மாற்றத் தயாராக இருங்கள்.

படி 8: மாட்டும்போது

ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பில் பாட்டு ஓட்டவே கூடாது. சுமை இல்லாத டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றில் வோல்டேஜ் கட்டுக்கடங்காமல் எகிறி, சாக்கெட்டில் பொறி பறக்கலாம், சுற்றின் காப்பு பொசுங்கலாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான் ஆம்ப்பிலேயே விலை கூடிய பாகம். எனவே வரிசை இப்படி: ஆம்ப் அணைந்திருக்கும்போது ஸ்பீக்கர் கம்பிகளை இறுக்கமாக மாட்டி, இழுத்துப் பார்த்து, பிறகு சுவிட்ச். முனை மாற்றும்போதும் அதே வரிசை.

அடிமூடியைத் திறந்து பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். உள்ளே 300 முதல் 500 வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும், உயிரைப் பறிக்கப் போதுமானது. ஸ்பீக்கர் மாற்றினால் பயஸைத் (வால்வில் பாட்டு இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டத்தின் அமைப்பு) திருத்த வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. வேண்டாம், பயஸ் வால்வு சம்பந்தப்பட்டது.

கம்பி விஷயத்தில் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. ஆம்ப்புக்குள்ளேயே 1, 2 ஓம் இருக்கும்போது கம்பியின் 0.05 ஓம் ஒரு பொருட்டல்ல.

படி 9: கேட்டுப் பார்த்தல்

முதலில் பாட்டே வேண்டாம். இரவில், வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்து, உட்காரும் இடத்திலிருந்து ரீங்காரம் கேட்கிறதா பாருங்கள். சென்சிட்டிவிட்டி கூடிய ஸ்பீக்கர் ஆம்ப்பின் குறையையும் பெரிதாக்கிக் காட்டும். 1 மில்லிவோல்ட் ரீங்காரம் 86 டெசிபல் ஸ்பீக்கரில் 17 டெசிபல், காதில் விழாது. 100 டெசிபல் ஹார்னில் அதுவே 31, அமைதியான அறையில் விழுந்துவிடும். 300பி, 2ஏ3 ஆம்ப்புகள் சிலவற்றில் ரீங்காரத்தைக் குறைக்க ஒரு திருகு வெளியிலேயே இருக்கும், அதை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.

அப்புறம் பேஸ் கிடார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்று. எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் வருகிறதா, ஒன்று மட்டும் முழங்குகிறதா? முழங்கினால் படி 6. அடுத்து, மெதுவாகத் தொடங்கிப் பெருகும் ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா பதிவு. உச்சத்தில் வயலின்கள் தனித்தனியாக நிற்கின்றனவா, கஞ்சி மாதிரி ஆகின்றனவா? கஞ்சியானால் வாட் போதவில்லை, படி 1-இன் கணக்கை மறுபடி பாருங்கள். வால்வு மென்மையாகத்தான் திணறும், டிரான்சிஸ்டர் மாதிரி கரகரவென்று கத்தாது, அதனால் பல மாதம் தெரியாமலே போகும். எனக்கு அப்படித்தான் போனது. வால்வு ஆம்ப்பையும் பழைய ஆம்ப்பையும் ஒப்பிடுவதானால், மல்டிமீட்டரில் இரண்டிலும் ஒரே வோல்டேஜ் வரும்படி வால்யூமைச் சமன் செய்துவிட்டுக் கேளுங்கள், அரை டெசிபல் கூடுதலாக இருப்பதே "நன்றாக" இருப்பதாகத் தோன்றும்.

ஜோடி சேரவில்லை என்றால் முனையை மாற்றுவது, இடத்தை மாற்றுவது, இரண்டுக்கும் பிறகு இன்னொரு வழி உண்டு. சொந்த ஆம்ப் உள்ள சப்வூஃபரை ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே எடுத்து இணைக்கலாம், அதன் உள்ளீடு ஆம்ப்புக்குச் சுமையாகாது. அல்லது சப்வூஃபருக்கான சிக்னலை ஆம்ப்புக்கு முன்பே பிரித்தெடுத்து, வால்வு ஆம்ப்புக்குப் போவதில் மட்டும் ஆழமான பேஸை வடிகட்டி விலக்கிவிட்டால், மிச்சத்தைச் சின்ன வால்வு ஆம்ப் இலகுவாகச் சமாளிக்கும். அதிலும் திருப்தி இல்லை என்றால் ஸ்பீக்கரைத்தான் மாற்ற வேண்டும். நான் கடைசியில் அதைத்தான் செய்தேன். 8 வாட் ஆம்ப்புக்கு 96 டெசிபல் ஜோடி ஒன்று வந்தது, அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒல்லி ஸ்பீக்கர்கள் பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்போடு பக்கத்து அறைக்குப் போய்விட்டன, அங்கே டிரம்ஸ் பிரமாதமாகக் கேட்கிறது.